வண்டி நிறைய ஜனம்

கூட நாலு பேர் இல்லாமல் அவளுக்கு எதையும் பார்க்கத் தெரியாது. அது நல்ல குணமா, ஒரு மாதிரி வியாதியா என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

எண்பதுகளின் நடுவில் நான் கல்யாணமாகி ஆவடி சேக்காட்டுக்கு வந்தபோது அவள் பக்கத்து வீடு. இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். அவள் வேதக்காரி, நாங்கள் முருகனைக் கும்பிடுகிறவர்கள். தெருவில் யாரும் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. 'வேன் அக்கா' என்பார்கள். நானும் அப்படியே கூப்பிட்டுப் பழகிவிட்டேன்.

வந்த புதிதில் ஒரு மழைக்காலம். கொரட்டூரில் ஒரு சின்னக் கம்பெனியில் ரப்பர் வாஷருக்குப் பிசிறு வெட்டுகிற வேலை அவளுக்கு. காலையில் ரயிலேறிப் போனவள், நான் சோறு வடிப்பதற்குள் திரும்பி வந்து எங்கள் வாசலில் மூச்சு வாங்க நின்றாள். யாருக்கோ என்னவோ ஆகிவிட்டது என்று நான் பதறிப்போனேன்.

"கொரட்டூர் ஏரி ரொம்பி கீதுமே! கரை வரிக்கும் தண்ணி. வா, அல்லாரையும் கூப்டு."

"வேலைக்குப் போவலியாக்கா?"

"போனேன். ரயில்லேர்ந்து பாத்தேன். நான் மட்டும் பாத்துட்டு போயி பிசிறு வெட்டிகினு குந்தணுமா? வா சொல்றேன்."

அன்றைக்கு அவளுக்கு வேலை போயிற்று. தெருப் பெண்கள் ஒரு கூட்டத்தையே ரயிலில் ஏற்றிக் கொண்டுபோய் ஏரிக்கரையில் நிறுத்தினாள். நாங்கள் தண்ணீரைப் பார்த்தோம். அவள் எங்கள் முகத்தைப் பார்த்தாள். "எப்டி கீது? எப்டி?" என்று ஒவ்வொருத்தியையும் கேட்டாள், ஏதோ அவளே வெட்டி நிரப்பிய ஏரி மாதிரி. எனக்கு எரிச்சலாக இருந்தது. கொதிக்கிற குழம்பை அப்படியே இறக்கி வைத்துவிட்டு வந்திருந்தேன்.

வேன் என்பது வேளாங்கண்ணி வேன். வருஷா வருஷம் ஆகஸ்ட் கடைசியில், கொடியேற்றத்துக்கு ஒரு வேன் பேசி, தெருவையே அள்ளிக்கொண்டு போவாள். அதற்கு ஒரு காரணம் உண்டு. அவளுடைய ஒரே மகள் ஸ்டெல்லா. சின்னப் பிள்ளையாக இருந்தபோது மூட்டுவலிக் காய்ச்சல் வந்து, அது நெஞ்சில் இறங்கி, இதயத்தில் ஒரு வால்வு கெட்டுப்போயிற்றாம். டாக்டர்கள் கைவிரித்ததும் இவள் வேளாங்கண்ணிக்கு ஓடியிருக்கிறாள். மற்றவர்கள் மொட்டை போடுகிறேன் என்பார்கள், வெள்ளியில் இதயம் செய்து போடுகிறேன் என்பார்கள், முழங்காலால் நடந்து வருகிறேன் என்பார்கள். இவள் வேண்டிக்கொண்டதே வேறு.

"எம்பொண்ண எனக்குக் குடுத்துடு தாயே. வருசா வருசம் ஒரு வண்டி ரொம்ப ஜனத்த இட்டாந்து உன் முன்னாடி நிறுத்துறேன்."

தனக்கு எது பெரிய சந்தோஷமோ அதையே மாதாவுக்கும் கொடுக்கிறேன் என்று சொல்லியிருக்கிறாள். ஸ்டெல்லா பிழைத்தாள். வேன் கிளம்ப ஆரம்பித்தது.

அந்தப் பயணங்களைப் பற்றிச் சொல்லாமல் அவளைப் பற்றிச் சொல்ல முடியாது. புளிச்சோறு ஒரு குண்டான், அவித்த முட்டை ஒரு கூடை. பூந்தமல்லி தாண்டுவதற்குள் முட்டை தீர்ந்துவிடும். மாதா பாட்டு பாடுவாள். நாலு பாட்டு முடிந்ததும் எங்கள் பக்கம் திரும்பி, "உங்க சாமி இன்னா பாவம் பண்ணாரு? நீங்க பாடுங்க" என்பாள். நாங்கள் மாரியம்மன் பாட்டு பாடுவோம், அவள் கை தட்டுவாள். சிதம்பரத்தில் வண்டியை நிறுத்தச் சொல்லி, இந்துக்களையெல்லாம் கோயிலுக்கு அனுப்பிவிட்டு, வெளியே எங்கள் செருப்புகளுக்கு நடுவில் உட்கார்ந்திருப்பாள். வைத்தீஸ்வரன் கோயிலிலும் அப்படித்தான். திரும்பி வந்ததும் உள்ளே என்ன பார்த்தோம், என்ன கேட்டோம் என்று ஒன்று விடாமல் சொல்லியாக வேண்டும். கொள்ளிடக் கரையில் இலை போட்டுச் சாப்பிட்ட புளிச்சோற்றை நினைத்தால் இப்போதும் எனக்கு வாய் ஊறுகிறது. வாழ்க்கையில் நான் அப்படிச் சிரித்தது அந்த வேனில்தான்.

ஒரே ஒரு தொல்லை. கோயிலுக்குள் போனதும் எங்களை ஒவ்வொருத்தியாக முன்னே தள்ளி, மாதாவுக்கு அறிமுகப்படுத்துவாள். அதுவும் சத்தமாக. "தாயே, இவ புருசன் குடிச்சிட்டு அடிக்கிறான், பாத்துக்க." "இவளுக்கு முழங்காலு வீக்கம்." என் முறை வந்தபோது, சுற்றி அத்தனை ஜனம் நிற்க, "இவளுக்கு மூணு வருசமா வயிறு தெறக்கல" என்றாள். எனக்கு மாதா முன்னாலேயே அவளை அறைய வேண்டும்போல இருந்தது. ஊருக்குத் திரும்பியும் பல நாள் அவளோடு பேசவில்லை.

அடுத்த வருஷம் எனக்கு மகன் பிறந்தான். அதற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா என்று என்னைக் கேட்காதீர்கள், எனக்குத் தெரியாது. ஆனால் அதற்கப்புறம் வேனுக்கு வரமாட்டேன் என்று சொல்ல எனக்கு வாய் வந்ததில்லை.

தொண்ணூறுகளில் தெரு மாறியது. அம்பத்தூர் பக்கம் சில கம்பெனிகள் ஆளைக் குறைத்தன. சில குடும்பங்கள் புதிதாக ஒரு ஜெபக்கூட்டத்துக்குப் போக ஆரம்பித்து, சிலை இருக்கிற இடத்துக்கு வரமாட்டோம் என்றார்கள். சில பெண்கள் சிவப்புப் புடவை கட்டி வேறு கோயிலுக்குப் பஸ் ஏறினார்கள். வேனை நிரப்ப அவள் ஒவ்வொரு வருஷமும் கொஞ்சம் கூடுதலாக அலைந்தாள். அப்போதெல்லாம் அது எங்களுக்குக் கேலியாக இருந்தது. "வேன் அக்கா ஆள் புடிக்க வந்துட்டாங்க, கதவ சாத்து" என்பார்கள்.

ஸ்டெல்லா டைப்ரைட்டிங் கிளாசுக்குப் போய்க்கொண்டிருந்த வருஷம், ஜூலையில், மாடிப்படி ஏறும்போது மயங்கி விழுந்தாள். சென்னையில் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். காலெல்லாம் வீங்கி, படுத்தால் மூச்சு முட்டி, உட்கார்ந்தபடியே தூங்கினாள். ஆபரேஷன் செய்ய வேண்டும், அதைத் தாங்குகிற அளவுக்கு முதலில் உடம்பு தேற வேண்டும் என்றார் டாக்டர். தேறுகிற வழியாக இல்லை. ஆகஸ்டும் வந்துவிட்டது.

அப்போதுதான் நான் அவளை அந்தக் கோலத்தில் பார்த்தேன். ஆஸ்பத்திரியிலிருந்து ரயிலில் வருவாள், தலைகூட வாராமல் வீடு வீடாக ஏறி இறங்குவாள், மறுபடி ரயிலேறுவாள். முன்பெல்லாம் சிரித்துக் கூப்பிட்டவள், இப்போது வாசலில் நின்று கையைக் கூப்பினாள். எங்கள் தெருவிலேயே ஒரு ஜெபக்கூட்டத்துக்காரர் வீட்டில் அவரும் அவர் மனைவியும் ஸ்டெல்லாவுக்காக முழங்கால் போட்டு ஜெபித்தார்கள். ஆனால் வேனுக்கு வரமாட்டோம் என்றார்கள்.

"ஜெபம் வாணாண்ணா. வந்து சீட்ல குந்துங்க. எறங்கக்கூட வாணாம், வண்டியிலயே இருங்க. ஜனம் ரொம்பி கீதுன்னு மாதா பாத்தா போதும்."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். அவளுடைய சர்ச் சாமியாரும் சொல்லிப் பார்த்தார். நான் அப்போது கூட இருந்தேன்.

"அம்மா, மாதா தலையை எண்ணிப் பாக்கறவங்க இல்லை. அவங்களும் ஒரு தாய். இப்போ நீ பிள்ளை பக்கத்துல இரு."

"வாக்கு குடுத்தது நான் சாமி. அவங்க அவங்க வாக்க காப்பாத்தினாங்க. இத்தினி வருசம் பொண்ணு என்கிட்ட இருந்தாளா இல்லியா? இப்ப நான் கவுத்துட்டா, அவங்க எதுக்கு பொண்ண உட்டு வெப்பாங்க?"

சாமியார் அவள் நெற்றியில் சிலுவை வரைந்துவிட்டுப் போனார். எனக்கு மட்டும் கோபம் கோபமாக வந்தது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

கிளம்புவதற்கு முந்தின நாள் அவளோடு ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஸ்டெல்லா தலையணையை மடியில் வைத்து அதன் மேல் சாய்ந்திருந்தாள். உதடு நீலம் பாய்ந்திருந்தது.

"போவாதம்மா," என்றாள். "இந்த வருசம் வாணாம்."

"ஒனக்காகத்தானே போறேன் கண்ணு. ரெண்டே நாளு. அப்பா கூட இருப்பாரு."

"நீ இரு. நீ இருந்தா எனக்கு மூச்சு வருது."

அவள் மகளின் பாதத்தைப் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றாள். வீங்கின காலில் அவள் விரல் பதிந்த இடம் குழியாகவே இருந்தது. "நீங்க இருங்கக்கா, நாங்க போய்ட்டு வர்றோம்" என்று நான் சொன்னேன். அவள் என்னைப் பார்த்த பார்வையில் அதற்குமேல் சொல்ல எனக்குத் துணிச்சல் இல்லை. ஜனத்தை மாதா முன்னால் நிறுத்துகிறேன் என்றவள் அவள், நிறுத்த வேண்டியவளும் அவள்தான். அப்படித்தான் அவளுக்குப் புரிந்திருந்தது.

மறுநாள் காலை சேக்காட்டிலிருந்து வேன் பாதிகூட நிறையாமல் கிளம்பியது. பாட்டு இல்லை. குமணன்சாவடி முனையில் வண்டியை நிறுத்தச் சொன்னாள். அங்கே காலை நேரத்தில் கொத்தனார்களும் சித்தாள்களும் கரணையும் சட்டியுமாகக் கும்பலாக நிற்பார்கள். மேஸ்திரிகள் வண்டி கொண்டுவந்து, கட்டட வேலைக்கு ஆளை ஏற்றிக்கொண்டு போவார்கள். அவள் கதவைத் திறந்துகொண்டு குதித்தாள்.

"ஏறுங்கப்பா! ஏறுங்கம்மா! சோறு நாங்க போட்றோம், ஏறுங்க!"

வண்டியைப் பார்த்ததும் கும்பல் முண்டியடித்து ஏறியது. எந்த இடம், என்ன வேலை என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டுக்கொண்டு நின்றால் அடுத்தவன் இடத்தைப் பிடித்துவிடுவான். கண் மூடித் திறப்பதற்குள் வேன் நிறைந்துவிட்டது. காலுக்கடியில் சட்டிகள் கடகடவென்று ஆடின. நான் அவள் காதோடு சொன்னேன்.

"அக்கா, வேலைன்னு நெனச்சி ஏறிக்கீறாங்க."

"நான் வேலைன்னு சொன்னனா?"

"சொல்லல. ஆனா..."

"சும்மா வாமே." அவள் முகத்தில் அன்றைக்கு முதல் முறையாக ரத்தம் ஓடியது. "ரொம்பிடுச்சி பாரு. ஒரு சீட்டுகூட காலி இல்ல."

மாங்காடு போயிற்று, குன்றத்தூர் போயிற்று. தாம்பரம் தாண்டியதும் ஒரு வயசான கொத்தனார் வெளியே எட்டிப் பார்த்தார்.

"இன்னாம்மா, சைட்டு எங்க கீது? இம்மாந்தூரம் போவுது?"

"சைட்டு இல்ல நைனா. வேளாங்கண்ணி."

"அங்க கட்டடமா?"

"கோயிலு. சாமி கும்புட்டு வரலாம்."

அப்புறம் நடந்த சத்தத்தை என்னவென்று சொல்ல! ஒருவன் டிரைவரின் சட்டையைப் பிடித்தான். ஒருவன் கரணையால் சீட்டுக் கம்பியைத் தட்டினான். அன்றைய பிழைப்பு போனவர்களின் கோபம், அதில் நியாயம் இருந்தது. அவள் ஓடுகிற வண்டியிலேயே சீட்டுகளுக்கு நடுவில் மண்டி போட்டு, எட்டின கால்களையெல்லாம் தொட்டாள். ஸ்டெல்லாவைச் சொன்னாள், வால்வைச் சொன்னாள், கொடுத்த வாக்கைச் சொன்னாள். சொல்லச் சொல்ல வண்டி அடங்கியது. கொத்தனார் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"இன்னிக்கி வேல கெடைக்கலன்னு நெனச்சிக்கறோம். ஓட்டுப்பா வண்டிய."

ஒரே ஒரு சித்தாள் பெண் மட்டும் அழ ஆரம்பித்தாள். கைக்குழந்தையை மாமியாரிடம் விட்டு வந்திருக்கிறாள். பொழுது சாய்வதற்குள் போய்ப் பால் கொடுக்க வேண்டும். செங்கல்பட்டில் அவளை இறக்கி விட வேண்டியதாயிற்று. வேன் அக்கா அவள் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை.

"ஒன் ஒருத்தியால கொறையுதுமே. எம்பொண்ணு..."

"எம்புள்ள பசில கத்துவானே யக்கா. நான் இன்னா பண்ணுவேன்?"

பிடி தளர்ந்தது. பஸ்ஸுக்குச் சில்லறையும் ஒரு பொட்டலம் புளிச்சோறும் கொடுத்து அனுப்பினாள். வண்டி கிளம்பியதும் யாரோ அந்தக் காலி இடத்தில் ஒரு பையை வைத்தார்கள். அவள் வெடுக்கென்று அதை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். அந்த இடத்தில் ஆள்தான் உட்கார வேண்டும்.

பாண்டிச்சேரி தாண்டினால் வழியெல்லாம் காவி உடுத்தி வேளாங்கண்ணிக்கு நடந்து போகிறவர்கள். அவர்களில் ஒரு பெரியவர், கால் கொப்புளத்துக்குத் துணி சுற்றி நொண்டி நொண்டிப் போனார். வண்டியை நிறுத்தி அவர் முன்னால் போய் நின்றாள்.

"ஏறிக்கோப்பா. ஒரு சீட்டு கீது. ஒனக்கும் புண்ணியம், எனக்கும் புண்ணியம்."

"நடந்தே வர்றேன்னு வேண்டிக்கிட்டேம்மா. இதுவரைக்கும் வந்துட்டேன். இனிமே ஏறினா எல்லாம் வீணாப் போயிடும்."

"கொஞ்ச தூரம்ப்பா."

"ஒரு அடிகூட முடியாது தாயி. மன்னிச்சிக்க."

இரண்டு பேரும் ரோட்டில் நின்று ஒருவரையொருவர் கும்பிட்டுக்கொண்டார்கள். அவர் சொன்னது அவளுக்கு நன்றாகப் புரிந்தது. அதுதான் கொடுமை. அவள் திரும்பி வந்து ஏறி, அந்தப் பையை மறுபடி மடியில் வைத்துக்கொண்டாள்.

வேளாங்கண்ணியில் கரணையும் சட்டியுமாக அத்தனை பேரும் அவள் பின்னால் கோயிலுக்குள் போனோம். அந்த வருஷம் யாரையும் அவள் அறிமுகப்படுத்தவில்லை. பீடத்தைப் பார்த்து, பக்கத்து வீட்டுக்காரியிடம் பேசுகிற குரலில் சொன்னாள்.

"ஒருத்தி கொறையறாம்மா. புள்ளைக்கு பாலு குடுக்க போயிட்டா. அத கணக்குல எடுத்துக்காத."

மறுநாள் பிற்பகல் திரும்பினோம். குமணன்சாவடியில் கொத்தனாரும் மற்றவர்களும் இறங்கி, பொண்ணுக்குச் சரியாகிவிடும் என்று சொல்லிப் போனார்கள். சேக்காட்டில் எங்கள் தெருவுக்குள் வண்டி திரும்பியபோது அவள் வீட்டு வாசலில் ஷாமியானா போட்டிருந்தது. அவள் புருஷன் நடுத்தெருவில் செருப்பில்லாமல் நின்றிருந்தார். வண்டிக்குள் ஒருவரும் எழுந்திருக்கவில்லை. அவள் என் மணிக்கட்டைப் பிடித்தாள், எலும்பு நொறுங்கிவிடும்போல இருந்தது.

"ஒரே ஒரு சீட்டுதானேமே," என்றாள்.

அதற்கப்புறம் ஒரு வருஷம் சுவருக்கு அந்தப் பக்கம் சத்தமே இல்லை. வேறொரு கம்பெனிக்குப் போனாள், வந்தாள். கோயிலுக்குப் போகவில்லை. சாமியார் வீட்டுக்கே வந்தார், நாற்காலி போட்டு உட்கார வைத்துவிட்டு உள்ளே போய்ப் பாத்திரம் தேய்த்தாள். சீட்டு காலியானதற்கும் ஸ்டெல்லா போனதற்கும் சம்பந்தமில்லை என்று நாங்கள் எல்லோரும் மாறி மாறிச் சொன்னோம். மகன் பிறந்த விஷயத்தில் எனக்குத் தெரியாது என்று சொன்ன நானே இந்த விஷயத்தில் சத்தியம் பண்ணாத குறையாகச் சொன்னேன். அவள் கேட்டுக்கொள்வாள், அவ்வளவுதான். ஸ்டெல்லா "நீ இரு" என்று சொன்னதை மட்டும் அவளும் நானும் வாய் திறந்து பேசிக்கொண்டதே இல்லை.

மறு ஆகஸ்டில் ஒரு நாள் என் வாசலில் வந்து நின்றாள்.

"வேன் பேசிகீறேன்."

"எதுக்குக்கா? இனிமே..." என்று ஆரம்பித்து, நான் நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

"ஏன் இப்டி பண்ணேன்னு அவள கேக்கணும். நேரா நின்னு கேக்கணும். நான் மட்டும் போனா தைரியம் வராது. வர்றியா?"

அந்த முறை அவள் எந்த வீட்டுக்கும் போக வேண்டியிருக்கவில்லை. நான் தெருவில் சொன்னேன், வேன் போதவில்லை. ஜெபக்கூட்டத்துக்காரர் தன் மனைவியோடு கடைசி சீட்டில் வந்து உட்கார்ந்தபோது யாரும் அவரை ஒன்றும் கேட்கவில்லை. எல்லாரும் சண்டைக்குப் போகிற ஜனம் மாதிரி பேசாமல் போனோம்.

கோயில் வாசல் வரைக்கும் அவளை நடுவில் வைத்துக்கொண்டு நடந்தோம். வாசலில் அவள் நின்றுவிட்டாள். திரும்பி, கடற்கரை மணலில் போய் உட்கார்ந்துகொண்டாள். நான் பின்னால் ஓடினேன்.

"நீ போய் கேளுமே. எனக்கு நாக்கு எழல."

"நானாக்கா? இன்னான்னு கேக்கறது?"

"ஒரு சீட்டுக்கா எம்பொண்ண எடுத்தேன்னு கேளு. ஆமாவா, இல்லியா? ஒரு வார்த்த சொல்ல சொல்லு."

உள்ளே போனேன். மெழுகுவர்த்திப் புகையும் கூட்டமும் தள்ளுமுள்ளுமாக இருந்தது. மேலே புடவை கட்டி, கிரீடம் வைத்து, கையில் பிள்ளையோடு அவள் நின்றிருந்தாள். அந்தப் பிள்ளையும் வளர்ந்து ஆளான பிறகு தாயின் கண்ணெதிரிலேயே செத்தது என்பது எங்களைப் போன்றவர்களுக்கும் தெரிந்த கதைதான். நான் கேட்க வாயெடுத்தேன், அழுகைதான் வந்தது. எவ்வளவு நேரம் அப்படி நின்றேன் என்று தெரியவில்லை. வெளியே வந்தேன்.

"கேட்டியா?"

"கேட்டேங்க்கா."

"இன்னா சொன்னா?"

வாய்க்கு வந்ததைச் சொன்னேன். "ஒண்ணுமே சொல்லல. அழுவுறாங்கக்கா."

அவள் கடலைப் பார்த்தபடியே இருந்தாள். "அழுவட்டும்," என்றாள். "நல்லா அழுவட்டும்."

நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினாள்.

"கூட யாரு கீறா?"

"யாருக்கு?"

"அவளுக்குத்தான்."

"யாருமில்லக்கா. கூட்டம் கீது. அவங்கவங்க வேண்டிகினு போறாங்க."

"அழுவுற பொம்பளைய தனியா உட்டுட்டா வந்தே?" என்று என்னைத் திட்டிக்கொண்டே எழுந்து, அவள் கோயிலுக்குள் போனாள்.